274 எப்படி வந்தது?

படிப்பில் தடுமாறும் பிள்ளைக்குப் பெற்றோர் என்ன செய்யலாம்?

304இல் 178ஐக் கழிக்கச் சொன்னால், நான்காம் வகுப்பில் சில பிள்ளைகள் 274 என்று விடை எழுதும். சரியான விடை 126. டீச்சர் சிவப்புப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுப்பார். மேஜையில் இன்னும் ஒரு கட்டு நோட்டு காத்திருக்கிறது. வீட்டில் அம்மா பார்த்துவிட்டு, "கவனம் எங்கடா இருக்கு? இதுகூடவா தெரியல?" என்பார்.

அந்த 274ஐக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கவனக்குறைவில் அப்படி ஒரு எண் வராது. ஒன்றாம் இடத்தில் மேலே 4, கீழே 8. நாலில் எட்டு போகாது. அதனால் பிள்ளை எட்டில் நாலைக் கழித்து 4 போட்டிருக்கிறது. பத்தாம் இடத்தில் மேலே 0, கீழே 7. அங்கேயும் அதே கதை: ஏழில் பூஜ்யம் போக 7. நூறாம் இடத்தில் மூன்றில் ஒன்று போக 2. பெரிய எண்ணில் இருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று முதல் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை அது அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறது. கடன் வாங்கிக் கழித்தல் நடந்த வாரத்தில் காய்ச்சலில் படுத்திருக்கலாம். கடன் வாங்கத் தெரிந்திருந்தும், பக்கத்து இடத்தில் பூஜ்யம் இருந்தால் அதையும் தாண்டிப் போய் வாங்க வேண்டும் என்பது பிடிபடாமல் போயிருக்கலாம். இரண்டில் எது என்று தெரிந்துவிட்டால் சரிசெய்ய ஓரிரு மாலைப் பொழுது போதும். பத்து ரூபாய் நோட்டுகளையும் ஒரு ரூபாய்க் காசுகளையும் தரையில் பரப்பி, நூறு ரூபாயைச் சில்லறை மாற்றிக் காட்டினாலே முடிந்துவிடும்.

ஆனால் ரேங்க் கார்டில் இது எதுவும் இருக்காது. 'கணக்கு 38' என்று இருக்கும். 'இன்னும் முயற்சி தேவை' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை நம்பிப் பெற்றோர் இன்னும் நூறு கணக்கு போடச் சொல்வார்கள். பிள்ளை நூறையும் அதே தப்போடு போடும்.

படிப்பில் தடுமாறும் பிள்ளைக்கு உதவுவது என்றால் நம்மில் பலர் சொல்லிக்கொடுப்பது என்றே நினைத்துக்கொள்கிறோம். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி நின்றது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ட்ரிக்னாமெட்ரி தெரிய வேண்டியதில்லை, பள்ளிக்கூடமே போயிருக்க வேண்டியதில்லை. "நீ எப்படிப் போட்டே, எனக்குச் சொல்லு கண்ணு" என்று கேட்கத் தெரிந்தால் போதும். பிள்ளை சத்தமாகச் சொல்லிக்கொண்டே போடும்போது எங்கே சுருதி இறங்குகிறது, எங்கே உங்கள் முகத்தைப் பார்க்கிறது, எங்கே 'ம்ம்ம்' என்று இழுக்கிறது என்று கவனியுங்கள். தடுக்கிய இடம் அதுதான்.

திடீரென்றா, ஆரம்பத்தில் இருந்தேயா?

அடுத்து உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று சரிந்ததா, ஒன்றாம் வகுப்பில் இருந்தே இழுபறியா? இரண்டும் வேறு வேறு கதைகள்.

ஆறாம் வகுப்புவரை எண்பதுக்குக் குறையாத பிள்ளை ஏழாம் வகுப்புக் காலாண்டில் நாற்பதுக்கு வந்தால், புத்தகத்தைப் புரட்டிப் பிரயோஜனம் இல்லை. சுற்றி என்ன நடந்தது என்று பாருங்கள். புதுப் பள்ளியா, பிரிவு மாற்றி உட்காரவைத்துவிட்டார்களா, கூட இருந்த சிநேகிதி பேசுவதை நிறுத்திவிட்டாளா, வேனில் யாராவது சீண்டுகிறார்களா, சாதியைச் சொல்லிக் கேலி பேசுகிறார்களா. வீட்டில் அப்பா குடிக்கிறாரா, பாட்டி இறந்துபோனாரா. பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பயந்து காலையில் இருந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைகள் உண்டு. மதியத்துக்கு மேல் அவர்களுக்குத் தலைவலி மட்டும்தான் மிஞ்சும், பாடம் மிஞ்சாது. இதையெல்லாம் "என்ன ஆச்சு உனக்கு?" என்று நேருக்கு நேர் கேட்டால் பதில் வராது. வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது வரும். கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது, முகம் பார்க்காமல் பேச முடிகிற நேரத்தில் வரும்.

உடம்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இதை நாம் கடைசியில் செய்கிறோம், முதலில் செய்ய வேண்டியது. போர்டு தெரியாத பிள்ளை 'எனக்குப் போர்டு தெரியல' என்று சொல்லாது. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதும், காப்பியடிக்கிறான் என்று பெயர் வாங்கும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுக்கும் 'கண்ணொளி காப்போம்' திட்டம் தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாகவே இருக்கிறது. கண்ணாடி வாங்கிக் கொடுத்தும் 'சோடாபுட்டி' என்ற கேலிக்குப் பயந்து பையிலேயே வைத்திருக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடிக்கடி சளி பிடித்துக் காதில் சீழ் வடியும் பிள்ளைக்கு வகுப்பில் பாதிதான் காதில் விழும். ரத்தசோகை உள்ள பிள்ளை மூன்றாவது பீரியடில் சோர்ந்து சரியும். பள்ளியில் வாராவாரம் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை விழுங்குகிறதா, ஜன்னல் வழியாக வீசுகிறதா என்று கேட்டுப்பாருங்கள். ஆறில் இருந்து பன்னிரண்டு வயதுவரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. இரவு பதினொன்று வரை டிவி ஓடும் ஒற்றை அறை வீட்டில் அது எங்கே கிடைக்கும்?

பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. சில பிள்ளைகள் பேசிக்கொண்டிருக்கும்போதே சில விநாடிகள் உறைந்து நிற்கும். கண் ஒரே இடத்தில் நிலைக்கும், கூப்பிட்டால் பதில் இருக்காது, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் தொடரும். 'கனவு காண்கிறான்' என்று டீச்சர் சொல்வார். கைகால் இழுக்காததால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் இது வலிப்பு நோயின் ஒரு வகையாக இருக்கலாம். ஒரு நாளில் பத்து இருபது தடவைகூட வரும். ஒவ்வொரு தடவையும் டீச்சர் சொன்னதில் ஒரு வாக்கியம் காணாமல் போகும். மூளை அலைகளைப் பதியும் இஇஜி பரிசோதனையில் தெரிந்துவிடும், மாத்திரையில் பெரும்பாலும் கட்டுப்படும். இத்தனை நாள் அந்தப் பிள்ளை வாங்கிய திட்டைத்தான் திரும்ப எடுக்க முடியாது.

கொம்பும் காலும்

ஆரம்பத்தில் இருந்தே தடுமாறும் பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். இதில் முக்கால்வாசி வாசிப்பில் போய் முடியும். அறிவியலில் ஃபெயில், வரலாற்றில் ஃபெயில் என்று தனித்தனியாகப் பார்ப்போம்; உட்காரவைத்து ஒரு பத்தி வாசிக்கச் சொன்னால் உண்மை தெரியும். வாசிக்கவே திணறும் பிள்ளைக்கு எல்லாப் பாடமும் ஒரே பாடம்தான்.

வீட்டிலேயே பார்க்கலாம். உங்கள் பிள்ளை ஐந்தாம் வகுப்பு என்றால் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடுங்கள். படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு நடுவில் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். முதல் பத்தி வேண்டாம், அது மனப்பாடமாக இருக்கும். வகுப்பே கோரஸாகச் சொல்லிச் சொல்லி, விரலை வரியின் மேல் ஓட்டிக்கொண்டே வாசிப்பதுபோல் ஒப்பிக்கும் கலையில் நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். சந்தேகமாக இருந்தால் கடைசிச் சொல்லில் இருந்து பின்னோக்கி ஒவ்வொரு சொல்லாகக் காட்டிக் கேளுங்கள்.

தமிழ் எழுத்து எளிது, எழுதியபடியே வாசித்துவிடலாம் என்று சொல்வோம். பெரியவர்களுக்கு அது சரி. ஆறு வயதுக் கண்ணால் பாருங்கள். 'செடி' என்று எழுதியிருக்கிறது. கண்ணில் முதலில் படுவது ஒற்றைக்கொம்பு. ஆனால் வாயில் முதலில் வர வேண்டியது 'ச்'. 'கொடி'யில் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு துணைக்கால், நடுவில் ககரம். மூன்றையும் சேர்த்து ஒரே ஒலியாக்க வேண்டும். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது ணா, றா, லை போன்றவற்றின் தனி வடிவங்கள் போய் ஓர் ஒழுங்கு வந்தது. கொம்பு மட்டும் முன்னாலேயே நின்றுவிட்டது. பிறகு குறில் நெடில், மூன்று னகரம், இரண்டு ரகரம், ல ள ழ. 'பட்டம்' என்பதில் ஒரு ஒலி, 'படம்' என்பதில் இன்னொரு ஒலி, எழுத்து ஒன்றே. பெரும்பாலான பிள்ளைகள் இரண்டாம் வகுப்புக்குள் இதைத் தாண்டிவிடும். சில பிள்ளைகளுக்கு எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் அந்த முடிச்சு மட்டும் விழவே விழாது. நேற்று வாசித்த 'கோழி' இன்று புதுச் சொல்லாக நிற்கும். வாயால் கேட்டால் கதை முழுவதையும் சொல்லும். எழுதச் சொன்னால் மூன்று வரிக்கு மேல் நகராது.

1896 நவம்பரில் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இப்படி ஒரு பையனைப் பற்றி எழுதினார். பெர்சி என்ற 14 வயதுப் பையன். தன் பெயரை எழுதும்போதே எழுத்துகளை இடம் மாற்றி எழுதிவிடுவான். ஆனால் 749ஐ 867ஆல் பெருக்கச் சொன்னால் சட்டென்று சரியாகப் பெருக்கிவிட்டான். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்திருந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவனாகத்தான் இருந்திருப்பான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து. இன்று அதை டிஸ்லெக்சியா என்கிறோம். 2007இல் வந்த 'தாரே ஜமீன் பர்' படம் பார்த்தவர்களுக்கு ஓரளவு தெரியும். புத்திக் குறைவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, கண்ணாடி போட்டுத் தீர்வதும் இல்லை, பெரியவனானால் தானாகச் சரியாகும் என்று காத்திருப்பதும் வீண். முறையாகச் சொல்லிக்கொடுத்தால் வாசிக்க வரும்; கொஞ்சம் மெதுவாக வரும்.

அந்த முறையில் ஒரு வேடிக்கை உண்டு. எழுத்தைக் கண்ணால் பார்த்து, வாயால் சொல்லி, விரலால் மணலிலோ அரிசியிலோ எழுத வைக்கும் பயிற்சியைச் சிறப்புப் பயிற்றுநர்கள் இன்று கொடுக்கிறார்கள். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலில் விரலால் எழுதி, உரக்கச் சொல்லித்தானே பழகினார்கள்? பிரம்பை விட்டுவிட்டு மணலை மட்டும் வைத்திருந்திருக்கலாம் நாம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் இந்தக் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. அதாவது, இதற்குச் சலுகை கேட்பது பிச்சை இல்லை. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும் டிஸ்லெக்சியா உள்ள மாணவர்களுக்கு மொழிப்பாட விலக்கு, கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள் என்று அரசுத் தேர்வுகள் இயக்ககம் சலுகைகள் தருகிறது. மருத்துவச் சான்று வேண்டும், தலைமையாசிரியர் மூலம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வுக்கு ஒரு மாதம் முன்னால் ஓடினால் நடக்காது. ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். சான்றுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரிக்கலாம். அரசுப் பள்ளி என்றால் ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், வகுப்பாசிரியர் வழியாகவே அவர்களைப் பிடிக்கலாம். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1990களின் தொடக்கத்தில் இருந்தே இதற்காக இயங்குகிறது.

'முத்திரை குத்திவிடுவார்களே' என்று தயங்கும் பெற்றோர் உண்டு, அதுவும் பெண் பிள்ளை என்றால். நியாயமான பயம்தான். ஆனால் பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு முத்திரை குத்தியாகிவிட்டது. 'மக்கு' என்று.

இங்கிலீஷ் மீடியம்

இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. படிப்பே வரவில்லை என்று நாம் முடிவு கட்டும் பிள்ளைகளில் கணிசமானோருக்கு வராதது பாடம் இல்லை, பாடம் நடக்கும் மொழி. வீட்டில் தமிழ், தெருவில் தமிழ், டீச்சரும் பாதி நேரம் தமிழிலேயே விளக்குகிறார். தேர்வு மட்டும் ஆங்கிலத்தில். 'ஃபோட்டோசிந்தஸிஸ்' என்று எழுத்துக் கூட்டி மனப்பாடம் செய்த பிள்ளையிடம், செடி எப்படிச் சாப்பாடு தயாரிக்கிறது என்று தமிழில் கேட்டுப்பாருங்கள். அழகாகச் சொன்னால், பிள்ளைக்கு அறிவியல் தெரியும், ஆங்கிலம்தான் தெரியாது. சொல்லவில்லை என்றால் இரண்டும் தெரியாது. இரண்டுக்கும் மருந்து வேறு.

மீடியம் மாற்றுவது அவரவர் குடும்ப முடிவு, அதில் நான் தலையிடவில்லை. மாற்றாவிட்டாலும் ஒன்று செய்யலாம். பாடத்தை முதலில் தமிழில் பேசிப் புரிந்துகொண்டு, பிறகு ஆங்கிலத்தில் வாசிக்கட்டும். தமிழ்நாடு அரசின் பாடநூல்கள் இரு மொழியிலும் இருக்கின்றன, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாநிலப் பாடத்திட்ட ஆங்கிலவழிப் பிள்ளைக்குத் தமிழ்வழிப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொடுப்பதில் என்ன கௌரவக் குறைச்சல்?

டியூஷனும் அரை மணி நேரமும்

மார்க் குறைந்தால் நம் கை முதலில் டியூஷன் பக்கம் போகும். காலை எட்டரைக்கு வேன், மாலை நாலரைக்கு வீடு, ஐந்தில் இருந்து எட்டுவரை டியூஷன், பிறகு ஹோம் ஒர்க். வளர்ந்தவன் இந்த வேலை நேரத்துக்கு யூனியன் வைத்துப் போராடுவான். டியூஷனே கூடாது என்று சொல்ல வரவில்லை. வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அது பிள்ளையைப் பத்திரமாக விட்டுவைக்கும் இடமும்கூட. ஆனால் டியூஷன் அக்காவிடம் ஒன்று கேளுங்கள்: "இவனுக்கு எந்த வகுப்புப் பாடத்தில் இருந்து நடத்துறீங்க?" ஏழாம் வகுப்புப் பையனுக்கு ஏழாம் வகுப்புப் பாடத்தையே நடத்துகிறார் என்றால் பள்ளியில் புரியாததை இன்னொரு தடவை புரியாமல் கேட்கக் காசு கொடுக்கிறீர்கள். பின்னம் வராதவனுக்கு ஐந்தாம் வகுப்பில் இருந்து பிடித்து வருகிறார் என்றால் அவரை விடாதீர்கள்.

அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் இந்த யோசனையில்தான் கட்டப்பட்டது. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்த இடைவெளியைச் சரிக்கட்ட 2022 ஜூனில் தொடங்கிய இந்தத் திட்டத்தில், ஒரே வகுப்பில் இருக்கும் பிள்ளைகளை அவரவர் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பெரிய வகுப்புகளில் பின்தங்கியவர்களுக்கு 2025இல் 'திறன்' வந்தது. உங்கள் பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால், 'எத்தனாவது ரேங்க்' என்று கேட்பதைவிட 'அரும்பா, மொட்டா, மலரா' என்று கேளுங்கள். போன மாதம் எதில் இருந்தது என்றும் கேளுங்கள். சொல்ல வேண்டிய கடமை பள்ளிக்கு உண்டு. தனியார் பள்ளிகளில் பலவற்றில் இப்படிக் கேட்க வழியே இல்லை என்பதுதான், அத்தனை ஃபீஸ் கட்டியும், நிலைமை.

வீட்டில் எவ்வளவு நேரம் உட்கார வேண்டும்? அரை மணி நேரம் போதும் என்பேன், தினமும் உட்கார்ந்தால். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் உட்கார்ந்து, இரண்டு பேரும் அழுது எழுந்திருப்பதில் பயனில்லை. அந்த அரை மணியில் பத்து நிமிடம் வாசிப்பு. ஒரே பத்தியைத் திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று நாள் வாசிக்கட்டும். முதல் நாள் தடுக்கிய சொல் மூன்றாம் நாள் வழுக்கிக்கொண்டு போவது பிள்ளைக்கே தெரியும். தப்பாக வாசித்த உடனே பாயாதீர்கள், மூன்று விநாடி பொறுங்கள்; பாதி தடவை தானே திருத்திக்கொள்ளும். புத்தகம் பாடப் புத்தகமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கிரிக்கெட் செய்தி, பஸ் போர்டு, பிஸ்கட் பாக்கெட், சினிமா போஸ்டர் எதுவும் ஆகும். உங்களுக்கு வாசிக்கத் தெரியாது என்றால் இன்னும் நல்லது: "எனக்கு வாசிச்சுக் காட்டு சாமி, என்ன போட்டிருக்கான்னு தெரியல" என்று நீங்கள் கேட்கும்போது அதில் பரீட்சையே இல்லை. நிஜமாகவே உங்களுக்குத் தெரிய வேண்டியிருக்கிறது.

மீதி இருபது நிமிடம் தடுக்கிய இடத்துக்கு. ஹோம் ஒர்க்குக்கு இல்லை. ஹோம் ஒர்க் முடியவில்லை என்றால் டைரியில் 'இவ்வளவுதான் முடிந்தது, இந்த இடத்தில் புரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அம்மாவே ப்ராஜெக்ட் செய்துகொடுத்து, சார்ட்டில் மயில் வரைந்துகொடுத்து அனுப்பும் வழக்கத்தை எந்தப் புண்ணியவான் தொடங்கிவைத்தாரோ! பிள்ளைக்கு என்ன தெரியாது என்பதை டீச்சரிடம் இருந்து மறைப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

இதையெல்லாம் 'அம்மா' என்றே எழுதிக்கொண்டு வருவது எனக்கே உறுத்துகிறது. பிள்ளை படித்தால் அப்பாவின் மூளை, படிக்காவிட்டால் அம்மாவின் வளர்ப்பு என்ற கணக்கு இன்னும் நம் வீடுகளில் ஓடுகிறது. ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட மட்டும் தோன்றும் அப்பாக்கள், அந்த அரை மணி நேரத்தில் வாரத்துக்கு மூன்று நாளாவது எடுத்துக்கொள்ளலாம். கடை வைத்திருப்பவர், கொத்தனார், டிரைவர் எல்லோருக்கும் மனக்கணக்கு அத்துப்படி. சதுர அடியும் சதவீதமும் அவர்கள் வாயால் கேட்டால் வேறு மாதிரி புரியும்.

முருங்கையும் பிள்ளையும்

'முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும்' என்று இன்னமும் பெருமையாகச் சொல்கிறோம். முருங்கை ஒடித்தால் தழைக்கும்; அது மரம். அடி வாங்கும் பிள்ளைக்குப் பாடம் நினைவில் நிற்காது, அடிதான் நிற்கும். புத்தகத்தைத் திறந்ததும் வயிறு கலங்கும், வாசித்தது மண்டையில் ஏறாது. 'மாடு மேய்க்கத்தான் லாயக்கு' என்ற வசையும் அதே வேலையைச் செய்கிறது. (மாடு மேய்ப்பதற்கும் சாமர்த்தியம் வேண்டும், அது தனிக் கதை.) 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பள்ளியில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. 'நல்லா நாலு போடுங்க சார், நாங்க கேக்க மாட்டோம்' என்று ஆசிரியரிடம் அனுமதி கொடுத்துவிட்டு வரும் பெற்றோர் அந்தச் சட்டத்தைத் தங்கள் பிள்ளையிடம் இருந்து பறித்துக்கொள்கிறார்கள்.

ஒப்பிடுவதும் அப்படித்தான். பெரியப்பா மகள் 480 வாங்கியது உங்கள் மகனுக்கு ஏற்கெனவே தெரியும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அவனும் இருக்கிறான்.

டீச்சரைப் பார்க்கப் போகும்போது

பெற்றோர் கூட்டம் நடக்கும் நாளில் வரிசையில் நின்று இரண்டு நிமிடம் பேசுவது எதற்கும் ஆகாது. பின்னால் நிற்பவர் காதில் விழும், பிள்ளையும் பக்கத்தில் தலை குனிந்து நிற்கும். முந்தின வாரமே டைரியில் எழுதித் தனியாக நேரம் கேளுங்கள். போகும்போது ரேங்க் கார்டை விட்டுவிட்டு விடைத்தாளையும் நோட்டையும் கொண்டுபோங்கள். "மிஸ், வாசிக்கிறதுல இந்த இடத்துல நிக்குறான், கணக்குல இது வரல, நாங்க வீட்ல இப்படிப் பண்றோம். கிளாஸ்ல நீங்க என்ன பாக்குறீங்க?" என்று கேட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் இறங்கி வருவார்கள். இத்தனை வருடத்தில் அவரிடம் யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். முன் பெஞ்சில் உட்காரவைப்பது, எல்லோர் முன்னாலும் வாசிக்கச் சொல்லாமல் இருப்பது, போர்டில் இருப்பதை எழுதி முடிக்க ஐந்து நிமிடம் கூடுதலாகத் தருவது, ஒரு பாடத்திலாவது வாயால் பதில் சொல்ல விடுவது: காசு செலவில்லாத உதவிகள் இவை. நான்கில் ஒன்று கிடைத்தாலும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

எல்லாப் பள்ளியும் இப்படி இருக்காது. சென்டம் ரிசல்ட்டுக்காக ஒன்பதாம் வகுப்பிலேயே 'டி.சி. வாங்கிக்கங்க, வேற ஸ்கூல் பாருங்க' என்று நைசாகச் சொல்லும் பள்ளிகள் ஊருக்கு ஊர் உண்டு. ஒன்பதாம் வகுப்புக்குப் பொருந்தாவிட்டாலும், எட்டாம் வகுப்புவரை எந்தப் பிள்ளையையும் பள்ளியில் இருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டம். 2019இல் செய்த திருத்தம் ஐந்திலும் எட்டிலும் ஃபெயில் போட மாநிலங்களுக்கு வழி விட்டது, வெளியேற்ற வழி விடவில்லை. ஃபெயில் போடுவதையும் தமிழ்நாடு ஏற்கவில்லை. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளுக்கு விதியை மாற்றியபோதும், எட்டாம் வகுப்புவரை எல்லோரும் பாஸ் என்பது இங்கே தொடரும் என்று மாநில அரசு அறிவித்தது. டி.சி. பேச்சு வந்தால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுத்து என்றதும் பேச்சின் தொனி மாறும். கல்வித்துறையின் 14417 எண்ணிலும் புகார் சொல்லலாம். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். கூட்டத்துக்குப் போனால் அங்கே பேச உங்களுக்கும் இடம் இருக்கிறது.

ரிசல்ட் வரும் வாரம்

பத்தாம் வகுப்பில் பாஸ் மார்க் பாடத்துக்கு 35. அது வராது என்று பிப்ரவரியிலேயே தெரிந்துவிட்டால் ஐந்து பாடத்தையும் கட்டி இழுக்க வேண்டாம். எந்த மூன்று நிச்சயம் தேறும் என்று பார்த்து அதைக் காப்பாற்றுங்கள், மீதியைத் துணைத் தேர்வுக்கு விடலாம். ரிசல்ட் வந்த சில வாரங்களிலேயே துணைத் தேர்வு வந்துவிடுகிறது. அதில் தேறினால் அதே ஆண்டில் பதினொன்றாம் வகுப்போ பாலிடெக்னிக்கோ சேரலாம், வருடம் வீணாகாது. ஐ.டி.ஐ.யில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு சேரக்கூடிய தொழிற்பிரிவுகளும் இருக்கின்றன. வழக்கமான பள்ளி ஒத்தே வராத பிள்ளைக்கு, 1989இல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. பாடங்களைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றாக எழுதி முடிக்கலாம். இந்த வழிகளை ரிசல்ட்டுக்கு முன்னாலேயே, பிள்ளை கேட்கும்படி, வீட்டில் சாதாரணமாகப் பேசிவைத்துவிடுங்கள். ஃபெயிலானால் என்ன செய்வது என்று வீட்டில் பேச்சே இல்லாதபோது, ஃபெயிலானால் எல்லாம் முடிந்தது என்று பிள்ளை தானே எடுத்துக்கொள்ளும்.

ரிசல்ட் வரும் நாளில் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். வேலைக்கு லீவு போடுங்கள், முடியாவிட்டால் பாட்டியையோ அத்தையையோ கூட இருக்கச் சொல்லுங்கள். போனை எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு மார்க் சொல்லும் வேலையை இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள். சாப்பிடாமல் இருந்தால், கதவைச் சாத்திக்கொண்டால், 'நான் இல்லாட்டி உங்களுக்குக் கஷ்டமில்ல' என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் அதைச் சினிமா வசனம் என்று தள்ளாதீர்கள்; 104, 14416 இரண்டு எண்ணிலும் இலவசமாக மனநல ஆலோசகர்களிடம் பேசலாம், பெற்றோரும் பேசலாம். துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கிடைப்பது சில நாட்கள்தான், தேதி தவறினால் தத்கல் என்று கூடுதலாகக் கட்டணம் கட்ட வேண்டும். அழுகை ஓய்ந்ததும் ஹால் டிக்கெட் நம்பரை எடுத்துக்கொண்டு இரண்டு பேருமாகப் பள்ளிக்குப் போய்ப் பதிந்துவிட்டு வாருங்கள்.